பட்டறைச் சந்துக் காற்று

சத்தி ரோட்டிலிருந்து கணபதிப் பக்கம் பிரிகிற பட்டறைச் சந்துக்குள் காற்று என்று ஒன்று வந்ததே கிடையாது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள், கோயமுத்தூர் காற்றுக்குப் பேர்போன ஊராயிற்றே என்பார்கள். ஆனால் ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அலறிக்கொண்டு வருகிற காற்றுகூட இந்தச் சந்தின் முனையில் ஒரு நிமிஷம் நின்று, உள்ளே கிடக்கிற கிரீஸ் வாடையையும் இரும்புத் தூளையும் மோந்து பார்த்துவிட்டு, நமக்கு வேறு சோலி இருக்கிறது என்று திரும்பிப் போய்விடும். அதனால் கமலவேணியம்மாளின் பழைய ரேஸ் காரிலிருந்து ரப்பரை உரித்ததும் காருக்குள்ளிருந்து காற்று அடிக்கத் தொடங்கியபோது, காருக்குள்ளிருந்து வருகிறதே என்று யாரும் வாய் பிளக்கவில்லை, இத்தனை வருஷம் கழித்து எப்படியோ வந்து சேர்ந்ததே என்றுதான் நினைத்தார்கள்.

அந்தக் காருக்கு இரண்டே கதவு, இடுப்பு உயரம்கூட இல்லாத கூரை. அதில் யாரும் ஏற முடியாது, குனிந்து இறங்கத்தான் முடியும். ஒரு காலத்தில் ரத்தச் சிவப்பாக இருந்ததாம், இப்போது செங்கல் நிறத்துக்கு வெளிறியிருந்தது. கமலவேணியம்மாளின் அண்ணன் ஊர் ஊராகப் போய் ரேஸ் ஓட்டியவர், அவர் காலமான பிறகு கார் அவர்கள் மில்லின் பஞ்சுக் குடோனில் கதவு சாத்தியபடி வருஷக்கணக்காகக் கிடந்தது. அதைக் கயிறு கட்டி இழுக்காமல் ஒரு டிரைவரை வைத்து மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து வண்டிகளுக்கு ரப்பர் பீடிங் ஒட்டுகிற சென்னியப்பனின் கடை முன்னால் நிறுத்திய அந்த அம்மாள், சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னார்.

"மழை வந்தா உள்ளார குளம் கட்டிக்குதுங்க. டிக்கியில தவளை குடியிருக்குது. கதவு, டிக்கி, கண்ணாடி, எல்லா பீடிங்கும் மாத்திப்போடுங்க. வேற ஒண்ணும் தொட வேண்டாம்."

"இஞ்சின் நல்லா ஓடுதுங்களே?" என்றான் சென்னியப்பன்.

"அது ஓடும். ஓட்டறதுக்குத்தான் எங்க வீட்ல ஆளில்லீங்க."

சென்னியப்பனுக்கு வண்டியின் ரப்பர்தான் உலகம். இஞ்சினை நம்பி வண்டி வாங்குகிறவன் ஏமாளி, கதவை இழுத்துச் சாத்திப் பார்த்து அந்தச் சத்தத்தை நம்பி வாங்குகிறவன்தான் புத்திசாலி என்பது அவன் கட்சி. அந்தக் காரின் கதவுப் பீடிங் காய்ந்த புளியங்காய் ஓடு மாதிரி இறுகிப்போய், சில இடங்களில் பதிந்திருந்த காடிப் பள்ளத்தை விட்டுத் தொங்கி, சில இடங்களில் விரல் பட்டதும் கரியாக உதிர்ந்தது. அவன் திருப்புளியை நுழைத்து ஒரு முனையைக் கிளப்பி, மெதுவாக, மூலை மூலையாக இழுத்துக்கொண்டே வந்து, கடைசித் துண்டும் கையோடு வந்த நொடியில், சாத்தியிருந்த கதவின் இடுக்கிலிருந்து புஸ்ஸென்று ஒரு காற்று கிளம்பி அவன் முகத்தில் அடித்தது. அதில் நனைந்த யூகலிப்டஸ் வாசம் இருந்தது, பிறகு சுடுகிற தார் வாசம், பிறகு ஏதோ ஒரு கடற்கரை, பிறகு மறுபடியும் மலை. கதவைத் திறந்து உள்ளே பார்த்தான், இரண்டு சீட்டும் ஒரு ஸ்டியரிங்கும்தான் இருந்தன, காற்று அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அவன் கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனான்.

"அங்கென்ன சத்தம்?" என்றார் டீக்கடைச் சேட்டன்.

"காருக்குள்ளிருந்து காத்து வருதுங்க."

"நல்லதாச்சு," என்று சொல்லிவிட்டு சேட்டன், அதுவரை சாக்கடையைப் பார்த்துப் போட்டிருந்த பெஞ்சைத் தூக்கிக் காரைப் பார்த்துப் போட்டார்.

அது நிற்கிற காற்றாக இல்லை. பகலெல்லாம் அடித்தது, பொழுது சாய்ந்த பிறகும் அடித்தது, கதவைச் சாத்தினால் இடுக்கு வழியாகவும் திறந்தால் வாசல் வழியாகவும் அடித்தது. பட்டறைச் சந்து அதைப் பிடித்து வேலை வாங்க ஆரம்பித்தது, ஏனென்றால் சும்மா வருகிற எதையும் சும்மா விடுகிற வழக்கம் அந்தச் சந்துக்குக் கிடையாது. பெண்கள் துணிகளைக் காரின் இரண்டு பக்கமும் கொடி கட்டிக் காயப்போட்டார்கள். வடகம் பிழிந்தவர்கள் காலையில் பிழிந்ததை மத்தியானம் பொரித்தார்கள். ரேஷன் அரிசி வாங்கி வந்தவர்கள் முறத்தைத் தூக்கிக் காரின் இடது கதவுக்கு நேராகப் பிடித்துக் கல்லும் உமியும் போகப் புடைத்தார்கள், அதில் பறந்த உமி எதிரே இருந்த பெயிண்டு பட்டறையில் ஈரமாக நின்ற ஒரு வெள்ளை வேனின்மேல் ஒட்டிக்கொள்ள, பெயிண்டர் முதலில் சண்டைக்கு வந்து, பிறகு தன் வண்டிகள் பாதி நேரத்தில் உலர்வதைப் பார்த்துச் சண்டையை விட்டுவிட்டு, எந்தக் கதவு எந்த நேரத்தில் யாருக்கு என்று முறை பேசிக்கொண்டு போனார். தூளி கட்டினால் ஆட்ட ஆள் வேண்டியிருக்கவில்லை. கரண்டு போனால் யாரும் திட்டவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்பதற்கு லேத் பட்டறை திருமலைசாமி, அந்தச் சந்தின் சங்கத் தலைவர், ஒரு விளக்கம் வைத்திருந்தார்: வண்டி ஓடின காலத்தில் அது கிழித்துக்கொண்டு போன காற்றையெல்லாம் உள்ளே வாங்கி வைத்துவிட்டது, ரப்பர் இருந்தவரை அடங்கிக் கிடந்தது, அவ்வளவுதான். விளக்கம் கேட்டவர்கள் சரி என்றார்கள். கேட்காதவர்களும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

முதலில் கண்டுபிடித்தது சேட்டன்தான். பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. காற்றைப் பார்த்துப் பெஞ்சு போட்டும், டம்ளரை வாங்கியவர்கள் உட்காரப் போய், என்னவோ நினைத்துக்கொண்டவர்கள் போல எழுந்து, நடந்துகொண்டே குடித்து, சத்தி ரோடு வரை போய்விட்டுக் காலி டம்ளரோடு திரும்பி வந்தார்கள். சிலர் டம்ளரை எங்கேயோ விட்டுவிட்டு வந்தார்கள். அந்தக் காற்று வேலை செய்கிறவனை ஒன்றும் செய்யாது, கை ஓடுகிற வரைக்கும் அவன் பாட்டுக்கு இருக்கலாம், ஆனால் அப்பாடா என்று உட்கார்ந்தால் போதும், உள்ளங்காலில் எறும்பு ஏறுகிற மாதிரி ஒரு குறுகுறுப்பு ஏறி, முழங்காலுக்கு வந்து, வயிற்றுக்கு வந்து, நாம் எங்கேயோ போக வேண்டியவர்கள் அல்லவா என்ற நினைப்பாகத் தலைக்கு வந்து சேரும். எங்கே என்று மட்டும் சொல்லாது.

அதற்கும் சந்து பழகிக்கொண்டது. சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடி சாப்பிட்டார்கள். முடிவெட்டுகிறவர் வாடிக்கையாளர் பின்னாலேயே நடந்து வெட்டினார், பெட்ரோல் பங்க் வரை போனால் ஒரு தலை முடியும். லேத் பட்டறைக்காரர் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த ஒறம்பரைச் சனம் இரண்டு குடும்பமாகச் சந்தில் மேலும் கீழும் நடந்து, பஜ்ஜியை நடந்துகொண்டே தின்று, நடந்துகொண்டே கை நனைத்து, கல்யாண நாளையும் நடந்துகொண்டே குறித்தார்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளையின் நடை பிடித்திருந்ததாம்.

இந்த இடத்தில் சென்னியப்பனின் வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடைக்குப் பின்னாலேயே வீடு. அந்த வீட்டுக்குள் அவன் மனைவி இந்திராணி இரண்டு வருஷமாக வாசற்படி தாண்டாமல் இருந்தாள். அதற்கு முன்னால் அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவள், முப்பது பிள்ளைகளைக் காலையில் அள்ளிக்கொண்டு போய் சாயந்திரம் வீடு வீடாக இறக்கிவிடுகிறவள், ஹாரன் அடிக்கிற விதத்திலேயே எந்தப் பிள்ளையின் வீடு என்று தெரு கண்டுகொள்ளும். ஒரு நாள் பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்டு வெறும் வேனோடு வருகிறபோது ஒரு லாரி பக்கவாட்டில் வந்து இடித்தது. வலது கால் ஒடிந்தது, கட்டுப் போட்டார்கள், கூடிவிட்டது. டாக்டர் நடக்கலாம் என்றார், ஓடலாம் என்றார். அவள் வீட்டுக்குள் நடந்தாள். வாசலுக்கு வந்தால் மட்டும் கால் நின்றுவிடும். பேய்க்குப் பார்த்தார்கள், மனசுக்கும் பார்த்தார்கள். சென்னியப்பன் மருதமலைக்கு நடந்து போய் மொட்டை போட்டான், அவ வெளிய வந்தாப் போதும் சாமி, வேற ஒண்ணும் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டான். லாரிச் சத்தம் கேட்டு அவள் திடுக்கிடாமல் இருக்கட்டும் என்று வீட்டின் கதவுகளுக்கும் ஜன்னல்களுக்கும் அருமையான கார் பீடிங் ஒட்டியிருந்தான், சந்திலேயே சத்தம் நுழையாத ஒரே வீடு அது. பிரியம் இருக்கிறவனுக்குக் கையில் என்ன தொழில் இருக்கிறதோ அதைத்தானே செய்யத் தெரியும்.

பீடிங்குக்கெல்லாம் அந்தக் காற்று அசையவில்லை. சமையல்கட்டுப் புகைபோக்கி வழியாக இறங்கிவிட்டது. ஒரு காலையில் சென்னியப்பன் காரின் கதவடியில் படுத்துக் காடியில் இறுகிக் கிடந்த பழைய பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. கொலுசு தெரிந்த கொலுசு. அவன் எழுந்திருக்கப் போய் நெற்றியைக் கதவுப் படியில் இடித்துக்கொண்டான்.

"ஏனுங்க மாமா, தேங்கா இல்லைங்க," என்றாள் இந்திராணி, தினமும் வந்து சொல்லிக்கொண்டிருக்கிறவள் மாதிரி. "நானே போய் வாங்கீட்டு வந்தரட்டுங்களா?"

அவன் நெற்றியைத் தேய்த்தபடி தலையாட்டினான். அவள் போய், தேங்காய் வாங்கிக்கொண்டு, திரும்பி வந்தாள். அன்று சென்னியப்பன் காரின் பின்னால் போய் நின்றுகொண்டு, பெட்ரோல் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதான், கண் எரிந்ததற்குப் பெட்ரோலைக் காரணம் சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

அன்றிலிருந்துதான் அவன் வேலையை இழுத்தடிக்கத் தொடங்கினான். ரப்பர் மெட்ராஸிலிருந்து வர வேண்டும் என்றான். வந்த பிறகு சைஸ் தப்பு என்றான். சைஸ் சரியான பிறகு ஒட்டுகிற சொல்யூஷன் காயாது, மூட்டம் போடுகிறது என்றான், அவ்வளவு காற்றில் நின்றுகொண்டு. கமலவேணியம்மாள் வந்து கேட்டபோதெல்லாம் கண்ணைப் பார்க்காமல் பதில் சொன்னான். அந்த அம்மாளும் உட்கார முடியாமல் காரைச் சுற்றி நடந்துகொண்டேதான் கேட்டார் என்பதால் கண்ணைப் பார்க்காமலிருப்பது சுலபமாக இருந்தது.

பிறகு ஆட்கள் போக ஆரம்பித்தார்கள். முதலில் போனவர் டெய்லர் குப்புராஜ், கழுத்தில் டேப்போடு, ஒரு கை மட்டும் வைத்த ஜாக்கெட்டை மிஷினிலேயே விட்டுவிட்டு, இதோ வர்றனுங்க என்று சொல்லிக் கிளம்பியவர். நாகர்கோவிலிலிருந்து போன் பண்ணினார். "இங்க கடல் குறுக்க வந்துருச்சுங்க, இல்லைன்னா இன்னும் போயிருப்பனுங்க," என்றார். டிங்கரிங் பட்டறையில் இரண்டு பேர் போனார்கள். பெயிண்டரின் தம்பி போனான். சென்னியப்பனோடு எட்டு வருஷமாக வேலை பார்த்த ராசப்பன், கண்ணாடி பிடிக்க அவனைப் போல ஆள் கிடையாது, ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போனவன் சாப்பாட்டுத் தூக்கோடு அப்படியே பெங்களூர்ப் பஸ்ஸில் ஏறிவிட்டான். போனவர்களுடைய வீடுகளில் அழுதார்கள், நடந்துகொண்டே அழுதார்கள்.

இந்திராணியும் போனாள், ஆனால் திரும்பி வந்தாள். முதலில் தேங்காய்க் கடை வரைக்கும், பிறகு சத்தி ரோடு, பிறகு காந்திபுரம், பிறகு பஸ் ஏறி மேட்டுப்பாளையம் போய் ஸ்டாண்டில் ஒரு சுற்று சுற்றிவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்தாள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் அதிக தூரம் போனாள், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பிந்தி வந்தாள். சென்னியப்பன் சோறாக்கி மூடி வைத்துவிட்டு, உட்காரவும் முடியாமல், வாசலுக்கும் சந்து முனைக்கும் நடந்து நடந்து பார்த்துக்கொண்டிருப்பான். அவள் வெளியே வர வேண்டும் என்று மொட்டை போட்டவன், எவ்வளவு தூரம் என்று சாமியிடம் சொல்ல மறந்துபோனான். காற்றை அடைத்தால் அவள் மறுபடியும் வாசற்படிக்குள் நின்றுவிடுவாள், அடைக்காவிட்டால் ஒரு நாள் திரும்பாமலே போய்விடுவாள். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவன் கையில் திருப்புளியோடு சுற்றி வந்தான்.

கடைசியில் சங்கம் கூடியது. கூடியது என்றால், எல்லோரும் வரிசையாகச் சந்தைச் சுற்றி நடந்தார்கள், பேச வேண்டியவர் முன்னால் ஓடி வந்து பின்பக்கமாக நடந்தபடி பேசினார். திருமலைசாமி அப்படித்தான் பேசினார், சாக்கடைக் கல்லில் ஒருமுறை தடுக்கி விழப் பார்த்தார்.

"சென்னியப்பா, காத்து நல்ல காத்துத்தான், இல்லீங்கல. ஆனா எம் பட்டறையில ஆளுக பாதிதான் இருக்கறாங்க. நேத்து எம்பட சம்சாரம் பொட்டிய எடுத்துத் தூசி தட்டுது. நீ பீடிங்கப் போட்டு மூடு. இந்த வாரத்துக்குள்ள."

"சரிங்கண்ணா," என்றான் சென்னியப்பன். பின்னால் நடந்து வந்த முப்பது பேரும் சரி என்றார்கள். இந்திராணி அன்று ஊட்டியில் இருந்தாள்.

மறுநாள் அவன் கதவுப் பீடிங்கைப் போட்டான். காடியைத் துடைத்தான், இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவினான், விரலில் ஒட்டாமல் ஆனால் நூல் இழுக்கிற பதம் வருகிற வரைக்கும் காரைச் சுற்றி நடந்தான், கதவின் அடிப்பக்க நடுவிலிருந்து தொடங்கினான். ரப்பர் ஒட்டுகிறவனுக்கு முதலில் சொல்லித்தருகிற ஒரே பாடம், இழுக்காதே என்பதுதான். மூலையில் ரப்பரைத் தள்ளிக்கொடுத்து ஒட்ட வேண்டும், இழுத்து ஒட்டினால் பார்க்க அழகாக இருக்கும், வெயில் பட்டதும் ரப்பர் தன் பழைய நீளத்துக்குச் சுருங்கி மூலையை விட்டு விலகிவிடும். இது சென்னியப்பனுக்குத் தெரியும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆனால் அன்று அவன் கை ஒவ்வொரு மூலையிலும் ஒரு விரல்கடை இழுத்து ஒட்டியது. கை தவறிவிட்டது என்று மனசு சொன்னது, மனசு சொன்னதைக் கை நம்பவில்லை.

டிக்கியிலும் கண்ணாடி ஓரத்திலும் கசிந்தது போக, மத்தியானம் வரைக்கும் காற்று அடங்கியிருந்தது. சந்தில் இருந்தவர்கள் பயந்து பயந்து உட்கார்ந்து பார்த்தார்கள். உச்சி வெயில் ஏறியதும் ரப்பர் சுருங்கி, நான்கு மூலைகளிலும் விரல் நுழைகிற அளவுக்கு வாய் திறந்துகொண்டது, அதன் வழியாகக் காற்று மெலிந்து, கூர்மையாகி, குக்கர் விசில் மாதிரி ஊத ஆரம்பித்தது. முன்னே வந்தது எங்கேயோ போ என்ற காற்று. இது இப்போதே போ என்றது. பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்த வேகத்தில் துள்ளி எழுந்தார்கள், சேட்டன் கொதிக்கிற பாலை இறக்கி வைத்துவிட்டுப் பாலக்காட்டுப் பக்கமாக நடக்க ஆரம்பித்து, முனையில் நாலு பேர் பிடித்துத்தான் நின்றார்.

இந்திராணி அன்று எங்கேயும் போயிருக்கவில்லை. அவள் வந்து காரின் மூலையில் ஆள்காட்டி விரலை நுழைத்துப் பார்த்தாள். பதினேழு வருஷமாகப் பீடிங்காரனோடு குடித்தனம் நடத்துகிறவள்.

"இழுத்து ஒட்டீருக்கீங்க," என்றாள்.

அவன் விரலில் ஒட்டியிருந்த சொல்யூஷனை உருட்டினான்.

"உங்க கை இழுக்கற கையில்லீங்களே மாமா. எதுக்குங்க இழுத்தீங்க?"

"நீ மறுபடி வீட்டுக்குள்ள முடங்கிக்குவயோன்னு பயமா இருக்குது புள்ள," என்றான். சொன்னதும் அவனுக்கு இன்னும் பயமாகிவிட்டது.

அவளுக்குக் கோபம் வந்தது. அது முகத்தில் வருவதற்கு முன்னால் கழுத்தில் வரும், அவனுக்குத் தெரியும்.

"நான் நடக்கறனா, இந்தக் காத்து என்னையத் தள்ளீட்டுப் போகுதா? எனக்கே தெரியலீங்க. ஊட்டி வரைக்கும் போய்ப் பாத்துட்டன், அங்கயும் முதுகுல காத்து அடிக்கறாப்லயே இருக்குது. ஒரு எடத்துல நிக்க முடியலீங்க மாமா. இதை அடைச்சாத்தான் எனக்குத் தெரியும். முடங்கிக்கிட்டா முடங்கிக்கறேன். நல்லபடியா அடைங்க."

"முடங்கிக்கிட்டா?"

"அப்ப மறுபடி மொட்டை போடுங்க," என்றாள் இந்திராணி.

அவன் கதவுப் பீடிங்கைப் பூராவும் பிய்த்துப் போட்டுவிட்டு மறுபடியும் ஒட்டினான், இந்த முறை மூலைக்கு மூலை தள்ளிக்கொடுத்து, தளர விட்டு, தன் பெண்டாட்டியின் கண் முன்னால். டிக்கிக்கும் பக்கக் கண்ணாடிகளுக்கும் போட்டான். இரண்டு வெயில் பார்த்தும் விலகவில்லை. காற்று முழுவதும் இப்போது முன்கண்ணாடியின் வெடித்த ரப்பர் வழியாக மட்டும் வந்துகொண்டிருந்தது. மிஞ்சியது அது ஒன்றுதான்.

முன்கண்ணாடி போடுகிற வேலையை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது. கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, ரப்பரின் உள் காடி முழுக்க ஒரு கயிற்றைச் சுற்றி வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியே இருக்கிறவர் கண்ணாடியை உள்ளங்கையால் தட்டித் தட்டி அழுத்திக்கொண்டு வர வேண்டும், உள்ளே இருக்கிறவர் கயிற்றை மெதுவாக உருவிக்கொண்டு வர வேண்டும், கயிறு வர வர ரப்பரின் உதடு தகரத்தைத் தாண்டி உட்கார்ந்துகொள்ளும். இரண்டு பேர் மூச்சும் ஒன்றாக இருக்க வேண்டும். ராசப்பனோ பெங்களூரில் இருந்தான். உள்ளே உட்கார வேறு யார் வருவார்கள்? வெளியே நிற்கிறவர்களையே நாகர்கோவிலுக்கும் பெங்களூருக்கும் அனுப்பிய காற்று அது. அதற்குள்ளேயே உட்கார்ந்து, கடைசிக் கயிறும் வந்து எல்லாம் அடைபட்ட பிறகு, அத்தனை காற்றோடும் உள்ளே இருக்கிற ஆளின் கதி என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. முப்பது பேரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

"நான் உக்காந்துக்கறேன்," என்றாள் இந்திராணி.

"வேண்டாம் புள்ள."

"அப்ப நீங்க உள்ள உக்காருங்க, நான் வெளிய இருந்து தட்டறேன். தட்டத் தெரியாது. கண்ணாடி ஒடைஞ்சா அம்மாவுக்கு நீங்க பதில் சொல்லுங்க."

அவளிடம் பேசி ஜெயித்தவன் கிடையாது. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வலது கதவைத் திறந்து, குனிந்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இறங்கி உட்கார்ந்தாள். பழைய ரப்பரை அறுத்துக் கண்ணாடியைக் கழற்றியதும் காற்று அந்த ஓட்டை முழுவதுமாக வெளியே பாய்ந்தது, கொடித்துணிகள் கிழிந்து பறந்தன, லேத் பட்டறையின் போர்டு விழுந்தது, வழியில் நின்றவர்கள் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் காற்றுக்கு எதிராகச் சென்னியப்பன் ரப்பர் மாட்டிய கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போய் வைத்து, கை மட்டும் போதாமல் நெஞ்சையும் கொடுத்து அழுத்தினான். உள்ளே அவள் கூந்தல் அவிழ்ந்து கூரை முழுக்க அடித்துக்கொண்டிருந்தது. அவள் கயிற்றின் நுனியைப் பிடித்தாள்.

"இழுக்கட்டுங்களா?"

"மெதுவா. நான் தட்டற எடத்துக்கு மட்டும் வா."

அவன் தட்டினான், அவள் உருவினாள். அவன் ஒரு சாண் நகர்ந்தான், அவளும் ஒரு சாண் வந்தாள். அடிப்பக்கம் முடிந்தது, இடது மூலையில் ரப்பர் மடங்கப் பார்த்தது, அவன் சொல்வதற்கு முன்னால் அவள் நிறுத்தினாள், அவன் சோப்புத் தண்ணீரை விட்டான், அவள் மறுபடியும் வந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு முகங்களும் ஒரு கைத்தூரத்தில் போய்க்கொண்டிருந்தன. இரண்டு வருஷத்தில் அவ்வளவு கிட்டத்தில் அவளை அவன் பார்க்கவில்லை, வைத்தியம் பார்க்கிற கண்ணோடுதான் பார்த்திருந்தான். ரப்பர் உட்கார உட்கார அவள் குரல் மெலிந்துகொண்டே வந்தது. கடைசி மூலையில் அவள் என்னவோ சொன்னாள், உதடு மட்டும் அசைந்தது. பிறகு கயிற்றின் கடைசி நுனி அவள் கையோடு வந்தது, ரப்பர் சப்பென்று தகரத்தின்மேல் உட்கார்ந்தது, காற்று நின்றது.

பட்டறைச் சந்து உட்கார்ந்தது. அவரவர் இருந்த இடத்தில், பெஞ்சில், படியில், டயர்மேல், வெறுந்தரையில், அப்பாடா என்று உட்கார்ந்தார்கள், சிலர் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டார்கள். காரை எடுத்துப்போக வந்திருந்த கமலவேணியம்மாள், மில்லுக்காரப் பெண்மணி என்பதை மறந்து சேட்டனின் பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டார். சென்னியப்பன் மட்டும் சோப்பு வழிகிற கையோடு நின்றான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இந்திராணியின் கூந்தல் இன்னும் பறந்துகொண்டிருந்தது. அவள் அவனைப் பார்த்தாள், கயிற்றைச் சுருட்டிப் பக்கத்துச் சீட்டில் வைத்தாள், ஸ்டியரிங்கின்மேல் இரண்டு கைகளையும் வைத்து, கண்ணை மூடித் திறந்து, சாவியைத் திருப்பினாள்.

"சென்னியப்பா, கதவத் தொறந்துராத!" என்று உட்கார்ந்த இடத்திலிருந்து கத்தினார் திருமலைசாமி.

கார் நகர்ந்தது. சந்தில் காலை நீட்டியிருந்தவர்கள் மடக்கிக்கொண்டு வழி விட்டார்கள், எழுந்திருக்க ஒருவருக்கும் தெம்பில்லை. "ஓட்டட்டும் விடுங்க, அரை டேங்க் பெட்ரோல் இருக்குது," என்றார் கமலவேணியம்மாள், அரைத் தூக்கத்தில். கார் முனையில் திரும்பி சத்தி ரோட்டில் ஏறியது. அப்போதுதான் சென்னியப்பனுக்கு உறைத்தது, காருக்குள் அடைத்த காற்று முழுவதும் அவளோடு போகிறது, அந்தக் காற்றில் கிளம்பிப் போனவர்களில் அவளைத் தவிர திரும்பி வந்தவர் யாருமில்லை. அவன் ஓடினான். அசையாத காற்றில், ஓடிப் பழக்கமில்லாத காலோடு, சோப்புக் கையைக் காற்றில் துழாவிக்கொண்டு, இந்திராணி, இந்திராணி என்று சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினான். அவள் காதில் விழாது என்று தெரியும், அவ்வளவு நன்றாக அடைத்திருந்தான்.

பெட்ரோல் பங்கைத் தாண்டியதும் கார் ஓரமாக நின்றது. அவன் கிட்டே வருவதற்குள் இடது கதவு திறந்துகொண்டது, அவள் இந்தப் பக்கமாகச் சாய்ந்து அதைத் தள்ளிப் பிடித்திருந்தாள். அத்தனை ஊரின் காற்றும் அந்தக் கதவு வழியாக அவன் முகத்தில் அடித்துக்கொண்டு வெளியேறியது.

"சாத்து, சாத்து! காத்து போகுது பார்!" என்று பதறினான் சென்னியப்பன், இவ்வளவு பாடுபட்டு அடைத்த தொழில்காரனின் வாய் அது.

"போனாப் போகுதுங்க. நீங்க ஏறுங்க."

அவன் ஏறவில்லை. பயத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவளும் கையை எடுக்கவில்லை. யூகலிப்டஸ் போனது, தார் போனது, கடற்கரை போனது, கடைசியாக ஒரு சின்னக் குளிர் வந்து அவன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுப் போனது. அது சத்தி ரோட்டின் லாரிகளுக்கு நடுவே கலந்து எங்கே போயிற்றென்று தெரியவில்லை. இந்திராணியின் கூந்தல் ஒவ்வொரு கொத்தாக இறங்கித் தோளில் படிந்தது. அவள் வலது கால் லேசாக நடுங்குவதை அவன் பார்த்தான். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் குனிந்து உள்ளே இறங்கிக் கதவைச் சாத்தினான். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பக்கத்தில் ஒரு லாரி உரசுகிற மாதிரி போனது, அவள் கண் அதோடு போய்த் திரும்பி வந்தது. இந்திராணி கூந்தலைக் கொண்டை போட்டுக்கொண்டாள், கிளச்சை மிதித்தாள், கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். ரோட்டோர வேம்பில் ஒரு இலைகூட அசையவில்லை. அவள் முதல் கியரைப் போட்டாள்.